பசியும் வேட்கையும்: மாமல்லபுரத் தவப்பூனைச் சிற்பமும் தொண்டைநாடு சார்ந்த இலக்கியங்களும்

ஆய்வுச்சுருக்கம்

உடல் எடையைக் குறைக்க முயல்வோர் எதிர்கொள்ளும் தலையாய இடர், உணவின்மேல் எழும் கடும் வேட்கையாகும். இவ்வேட்கையை மனவுறுதியின் குறைபாடாகவும், அதற்கு இடங்கொடுத்தலை ஒழுக்கத் தவறாகவும் கருதும் போக்கு இன்று பரவலாக உள்ளது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் இடம்பெறும் தவப்பூனை பொய்த்தவத்தின் குறியீடாகவே விளக்கப்படுவதற்கும் இதே போக்கே அடிப்படையாகிறது. அச்சிற்பத்தைத் திருக்குறளின் தவம், கூடாவொழுக்கம், மருந்து ஆகிய அதிகாரங்களோடும், இடைக்கழிநாட்டுப் புலவர் பாடிய சிறுபாணாற்றுப்படையோடும், காஞ்சியில் நிறைவுறும் மணிமேகலையோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வேட்கை எழுவதை இம்மரபு குற்றமாகக் கொள்ளவில்லை என்பதும், பசியையும் வேட்கையையும் பிரித்தறியும் அறிவையே முதன்மைப்படுத்துகிறது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பசி, வேட்கை, வயா, யானைத்தீ, தவப்பூனை, சிறுபாணாற்றுப்படை, மணிமேகலை, திருக்குறள், மாமல்லபுரம்.

முன்னுரை

தமிழில் உண்ணும் விருப்பத்தைக் குறிக்கும் சொற்கள் ஒருதன்மையன அல்ல. ‘பசி’ உடலின் தேவையைச் சுட்டுகிறது. ‘அவா’, ‘வேட்கை’ ஆகியவை மனத்தின் நாட்டத்தைச் சுட்டுகின்றன. ‘வயா’ என்னும் பழஞ்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் வேட்கை மிகுதல் என்ற பொருளைத் தருகிறது. பிற்காலத்தில் ‘மசக்கை’ என வழங்கும் கருவுற்ற மகளிரின் விருப்பத்திற்கு இச்சொல்லே பழைய இலக்கியங்களில் ஆளப்பட்டது. புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் பாடும்போது, அவனது நாட்டு மண்ணைப் பகைவர் உண்பதில்லை, வயாவுற்ற மகளிரே உண்பர் என்னும் கருத்தை அமைக்கிறார். மண் பசியைத் தீர்ப்பதன்று. எனவே வயிற்றின் தேவைக்கும் நாவின் நாட்டத்திற்கும் இடையிலான வேறுபாட்டைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர் எனலாம். அவ்வாறு எழும் நாட்டத்தை அவர் இழிவாகவும் சொல்லவில்லை.

இவ்வேறுபாடு இன்று மங்கியுள்ளது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 40 பேரும், அதே வயது ஆண்களில் 37 பேரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். இவர்களுள் எடையைக் குறைக்க முனைவோர் பெரிதும் கேட்கும் அறிவுரை ‘வாயைக் கட்டு’ என்பதே. அது தவறும்போது ‘நாக்கை அடக்கத் தெரியாதவர்’ என்னும் பழி வந்து சேர்கிறது. இப்பழியின் பண்பாட்டு வேர்களை அறிய, தவத்தின் தோற்றத்தையும் அதன்மீதான ஐயத்தையும் ஒருங்கே கல்லில் வடித்த மாமல்லபுரம் தக்க களமாகிறது.

1. தவப்பூனைச் சிற்பம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த மாமல்லபுரம், கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கலைக்குப் புகழ்பெற்றது. அங்குள்ள சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடைய திறந்தவெளிப் பாறைச் சிற்பம் ‘அருச்சுனன் தவம்’ என்று மக்கள் வழக்கில் அறியப்படுகிறது. பாறையின் நடுவே இயற்கையாய் அமைந்த பிளவில் நாகர்கள் உள்ளனர். பிளவின் ஒருபுறம் மேற்பகுதியில் சிவபெருமான் நிற்க, அவர் அருகே ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திய தவசி ஒருவர் காணப்படுகிறார். அவரது விலா எலும்புகள் புடைத்துத் தெரிகின்றன. உணவைத் துறந்ததன் விளைவு அவ்வுடலில் எழுதப்பட்டுள்ளது.

இத்தவசி அருச்சுனனா பகீரதனா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விக்டர் கொலுபேவ் 1914இல் இது கங்கை இறங்கிவரும் காட்சி என்னும் கருத்தை முன்வைத்தார். பத்மா கைமல் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பல பொருள்களுக்கு இடமளிக்கும் வகையிலேயே இச்சிற்பம் அமைக்கப்பட்டுள்ளது என்னும் கோணத்தை வளர்த்தெடுத்தார். எவ்வாறாயினும் இது தவத்தைப் பற்றிய சிற்பம் என்பதில் ஐயமில்லை.

பிளவின் மறுபுறம், பெரிய யானைகளின் அருகே, ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தியுள்ளது. மேலேயுள்ள தவசியின் நிலையை அது அப்படியே பின்பற்றுகிறது. அதன் காலடியில் எலிகள் உள்ளன. வழிகாட்டிகளும் நூல்களும் இதனைப் ‘பொய்த்தவப் பூனை’ என்றே அறிமுகப்படுத்துகின்றனர். தமிழில் வேடதாரியைக் குறிக்கும் ‘உருத்திராட்சப் பூனை’ என்னும் வழக்கு இவ்விளக்கத்திற்கு வலுச்சேர்க்கிறது.

எனினும் சிற்பம் காட்டுவதையும் பார்வையாளர் தம் நினைவிலிருந்து சேர்ப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லில் பூனை எந்த எலியையும் பிடிக்கவில்லை. எலிகள் ஓடவுமில்லை. பூனைக்கு எலிமேல் வேட்கை உண்டு என்பது அதன் இயல்பிலிருந்து பெறப்படுவது. அவ்வேட்கைக்கு அது இடங்கொடுத்தது என்பது சிற்பத்தில் இல்லை, கதையில் மட்டுமே உள்ளது.

2. கதையைச் சொன்னவன் யார்?

பூனையின் பொய்த்தவக் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதன் ஒழுக்கத்தை நம்பிய எலிகள் அதனிடம் அடைக்கலம் புகுகின்றன. தவத்தால் தளர்ந்துவிட்டதாகக் கூறும் பூனை, தன்னை நாள்தோறும் ஆற்றங்கரைக்குச் சுமந்து செல்லுமாறு கேட்கிறது. அவ்வாறு செல்லும் எலிகளை அது தின்கிறது. இறுதியில் முதிய எலி ஒன்று இரண்டு சான்றுகளை முன்வைக்கிறது. கிழங்கும் கனியும் மட்டும் உண்பதாகச் சொல்லும் பூனையின் மலத்தில் மயிர் காணப்படுகிறது என்பது ஒன்று. பூனையின் உடல் பெருக்க, எலிகளின் எண்ணிக்கை குறைகிறது என்பது மற்றொன்று.

இக்கதையைப் பேசுபவன் துரியோதனன் என்பது விளக்கவுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. போர் தொடங்குமுன் உலூகனைத் தூதாக அனுப்பும் துரியோதனன், அறத்தின் பெயரால் பொறுமை காத்த தருமனை ‘நீ அந்தப் பூனை’ என்று பழிக்கவே இக்கதையைச் சொல்லியனுப்புகிறான். காப்பியத்தின் போக்கில் இப்பழி பொருந்தாதது. தன்னை அடக்கிக்கொள்ள முயலும் ஒருவனை வேடதாரி எனத் தூற்றும் பகைவனின் சொல்லே அது. ஆகவே மாமல்லபுரத்துப் பூனையைப் பொய்யன் என்று மட்டும் படிப்பது, அறிந்தோ அறியாமலோ, துரியோதனனின் பார்வையை ஏற்பதாகிறது. பாண்டவருள் ஒருவனது தவத்தைக் காட்டுவதாக மக்கள் கருதும் பாறையிலேயே இப்படிப்பு நிகழ்வது கவனிக்கத்தக்க முரண்.

முதிய எலியின் இரண்டாம் சான்றும் தனியே ஆராயத்தக்கது. கதைக்குள் அது சரியான துப்பு. கதைக்கு வெளியே அது ஆபத்தான அளவுகோல். உடல் பெருத்திருத்தல் ஒளித்துண்டதற்குச் சான்று என்னும் அவ்வாதமே, எடை குறையாத ஒருவரைப் பார்த்து ‘யாருக்கும் தெரியாமல் தின்றிருப்பாய்’ என்று கூறும் இன்றைய குடும்பப் பேச்சிலும் உள்ளது. மரபுக்கூறுகள், உறக்கக் குறைவு, சில மருந்துகள், நாளமில்லாச் சுரப்பிகளின் நிலை ஆகியன உடல் எடையைப் பாதிக்கும் என்பது இன்று மருத்துவம் ஏற்ற உண்மை. உடலைக் கொண்டே ஒழுக்கத்தை அளக்கும் எலியின் முறை இவற்றுக்கு இடம் தருவதில்லை.

3. திருக்குறளின் இரண்டு அளவுகோல்கள்

தவத்தின் மெய்ம்மையை அளக்கத் திருக்குறள் வேறு வழி காட்டுகிறது. தவம் என்னும் 27ஆம் அதிகாரத்தின் முதற்குறள் (261), தனக்கு நேரும் துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்கிறது. தோற்றமோ உடலின் மெலிவோ இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. ‘நோன்பு’ என்னும் சொல்லே பொறுத்தல் என்னும் பொருளுடைய ‘நோன்’ என்பதனோடு தொடர்புடையது. பொறுப்பதற்கு ஒன்று இருந்தாலன்றிப் பொறுத்தல் இல்லை. எனவே வேட்கை இல்லாதவரிடம் நோன்புக்கு வேலையில்லை.

அடுத்த அதிகாரமான கூடாவொழுக்கம் பொய்த்தவத்தைச் சாடுகிறது. புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவும் (273), புதரில் மறைந்து பறவைகளைப் பிடிக்கும் வேடனும் (274) அங்கு உவமைகளாகின்றன. இரண்டிலும் குற்றம் செயலில் உள்ளது. பசு மேய்கிறது, வேடன் பிடிக்கிறான். பயிரின்மேல் பசுவுக்கு விருப்பம் இருப்பதை வள்ளுவர் குற்றமாக்கவில்லை.

இவ்விரு அதிகாரங்களையும் சிற்பத்தோடு பொருத்தினால், கல்லில் வடிக்கப்பட்ட நொடியில் பூனை 27ஆம் அதிகாரத்தின் இலக்கணத்தை நிறைவு செய்கிறது. அது துன்பத்தைப் பொறுக்கிறது. காலடியில் உள்ள உயிர்களுக்குத் தீங்கு செய்யவில்லை. அடுத்த நொடியில் அது 28ஆம் அதிகாரத்திற்குள் சென்றுவிடக்கூடும். சிற்பி நிறுத்தியிருப்பது அந்த எல்லையில்தான். உணவு வேட்கையோடு போராடும் எவரும் நிற்குமிடமும் அதுவே.

‘இது வெறும் நகைச்சுவைக்கூறு, இவ்வளவு பொருள் ஏற்றத் தேவையில்லை’ என்னும் மறுப்பு எழலாம். பூனையின் உருவில் நகைச்சுவை உண்டென்பதை மறுக்க இயலாது. ஆனால் நகைப்பு எதன்மேல் என்பது கேள்விக்குரியது. மெலிந்த தவசியும் பூனையும் ஒரே நிலையில் நிற்கின்றனர். பூனை தவசியை நையாண்டி செய்கிறது என்றால், தவத்தின் தோற்றமே மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதுதான் அந்நையாண்டியின் பொருள். அப்பொருள் பூனைக்கு எதிரானதன்று. தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கும் பார்வையாளருக்கே எதிரானது.

4. இடைக்கழிநாட்டுப் புலவர் காட்டும் பசி

வேட்கையைப் பேசும்போது பசியைக் கடந்துபோக முடியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ளது இடைக்கழிநாடு. அந்நாட்டு நல்லூரைச் சேர்ந்த நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தலைவனாகக் கொண்டு 269 அடிகளில் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் பாணனின் அடுக்களைக் காட்சி சங்க இலக்கியத்தின் மிகக் கடுமையான வறுமைக் காட்சிகளுள் ஒன்று. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய மடியைச் சுவைக்க, வலி பொறுக்காத தாய்நாய் குரைக்கிறது. சுவர் அரித்துக் காளான் பூத்துள்ளது. பாணனின் மனைவி குப்பைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் பார்த்துப் பழிப்பர் என்று நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

உப்பில்லாத கீரையில் நாவின் நாட்டத்திற்கு இடமில்லை. அது பசி மட்டுமே. ஆனால் அடைத்த கதவு பசியிலிருந்து பிறந்ததன்று. பிறர் பார்வையிலிருந்து பிறந்தது. வறுமையின் பசியையும் எடை குறைப்போரின் வேட்கையையும் ஒன்றாக்குவது அறமாகாது. முன்னவருக்கு உணவு இல்லை, பின்னவருக்கு உணவு மிகுதி. எனினும் கதவை அடைக்கச் செய்யும் நாணம் இருவருக்கும் பொதுவாகிறது. அன்று குறைவாக உண்பது பழிக்கப்பட்டது, இன்று மிகுதியாக உண்பது பழிக்கப்படுகிறது. உணவைக் கொண்டு ஒருவரின் மதிப்பை அளக்கும் பார்வை மட்டும் மாறவில்லை.

அக்கதவு திறப்பதை ஆற்றுப்படை வழிநெடுகக் காட்டுகிறது. எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த கள்ளோடு சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோற்றோடு ஆமான் சூடு தரப்படுகிறது. ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் கிடைக்கின்றன. இறுதியில் நல்லியக்கோடன், அருச்சுனனின் தமையனாகிய வீமன் இயற்றிய மடைநூலின் முறை வழுவாது சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு, தானே நின்று ஊட்டுகிறான். தவத்தில் மெலிந்த தம்பியைக் கல்லிலும், சமையலில் வல்ல தமையனைப் பாட்டிலும் இக்கடற்கரை ஒருங்கே போற்றி வைத்துள்ளது. சுவையை இம்மரபு பகையாகக் கருதவில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

சுவைக்கு ஓர் எல்லை உண்டென்பதையும் ஆற்றுப்படை நூல்கள் அறியும். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநன், கரிகாலனின் விருந்தில் இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பற்கள் மழுங்க, உணவே வெறுத்துப்போய் விடைபெற எண்ணுகிறான். ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மேலுள்ள நாட்டம் தானே குறைகிறது என்பதை இன்றைய உணவு உளவியலும் ஏற்கிறது. பொருநனின் கதையில் விருப்பத்தை முடித்துவைத்தது தடையன்று, நிறைவு.

5. நாவற்கனியும் யானைத்தீயும்

நிறைவே வாராத நிலையை மணிமேகலை பேசுகிறது. காயசண்டிகையின் நோய் ‘யானைத்தீ’. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அது. அந்நோய் வந்த வரலாறு நுட்பமானது. விருச்சிகன் என்னும் முனிவன் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றை உண்டு நோன்பு முடிப்பவன். அக்கனியைத் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடச் சென்றபோது, காயசண்டிகை அதனைக் காலால் சிதைத்துவிடுகிறாள். சினந்த முனிவன், அடுத்த கனி பழுக்கும் 12 ஆண்டுக்காலம் வரை யானைத்தீயால் வருந்துமாறு அவளைச் சபிக்கிறான்.

12 ஆண்டுகள் பசியை வென்றவன் ஒரு கனியின் இழப்பை வெல்ல இயலவில்லை. நெடுங்கால மறுப்பு, மறுக்கப்பட்ட பொருளின் மதிப்பை அளவிறந்து பெருக்கிவிட்டது. முனிவனின் மிகைத்துறவும் காயசண்டிகையின் மிகைப்பசியும் ஒரே கனியிலிருந்து கிளைத்தவை. அவ்விரண்டும் ஒன்றையொன்று பிறப்பிக்கும் என்பதைச் சாத்தனார் கதையமைப்பின் வழியே உணர்த்துகிறார்.

இதற்கு ஒத்த செய்தியை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வொன்று தருகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944-45இல் 36 தன்னார்வ இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எடை குறையக் குறைய அவர்களின் சிந்தனையும் பேச்சும் உணவையே சுற்றிவந்தன. சமையலில் நாட்டமில்லாதிருந்த சிலர் சமையல் நூல்களைச் சேகரித்துப் படித்தனர். போதிய உணவு மீண்டும் கிடைத்த பின்னும் சிலரிடம் அடங்காப்பசி நீடித்தது. கடும்பட்டினியால் வேட்கையை வெல்ல முயல்வோர் விருச்சிகனின் நிலைக்கே செல்கின்றனர் என்பதற்கு இது சான்றாகிறது.

காயசண்டிகையை மணிமேகலை பழிக்கவில்லை. தவம் செய்யுமாறு அறிவுறுத்தவுமில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு இடுகிறாள், நோய் தீர்கிறது. அடங்காப்பசியை ஒழுக்கக் கேடாகவன்றி நோயாகக் காணும் பார்வை இது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லெப்டின் என்னும் சுரப்பு பிறவியிலேயே இல்லாமையால் அடங்காப்பசியும் கடும் உடற்பருமனும் கொண்ட இரு குழந்தைகளைக் கண்டறிந்தனர். பின்னர் அச்சுரப்பை ஊசியாகச் செலுத்தியபோது அத்தகைய பசி தணிந்தது. இந்நோய் மிக அரிதானது. பெரும்பாலோரின் வேட்கைக்கு இது காரணமன்று. எனினும் பசியின் அளவை மனவுறுதி மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை இது ஐயமற நிறுவியது.

மணிமேகலையின் அட்சயபாத்திரம் பின்னர்க் காஞ்சிக்கு வருகிறது. 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்திற்குள் இருந்த அந்நகரில், வறட்சியால் வாடிய உயிர்களின் பசியை அவள் தீர்க்கிறாள். ஈகை அதிகாரத்தில் (225) வள்ளுவர் பசியைப் பொறுக்கும் தவத்தோரின் ஆற்றலைவிடப் பிறர் பசியை மாற்றுவோரின் ஆற்றலை மேலாக வைப்பதும் இங்கு இணைத்து எண்ணத்தக்கது. உண்ணாமை தன்னளவில் உயர்வன்று என்பது இருநூல்களுக்கும் பொதுக்கருத்து.

6. அளவறிதலும் இன்றைய பயன்பாடும்

அடக்குமுறையும் அடங்காமையும் ஒன்றையொன்று வளர்க்குமெனில் வழி யாது என்னும் வினாவுக்கு, மருந்து என்னும் 95ஆம் அதிகாரம் விடை தருகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல் (942), செரித்தபின் அளவறிந்து உண்ணுதல் (943), நன்கு பசித்தபின் உடலுக்கு மாறுபடாதவற்றைத் தேர்ந்து உண்ணுதல் (944), வயிற்றுத்தீயின் அளவை மீறாமை (947) என்பன அதன் கருத்துகள். இக்குறள்களில் மீண்டும் மீண்டும் வருவது அறிதலே. உண்ணும் முன் உடலைக் கேட்டறியுமாறு வள்ளுவர் கூறுகிறார். உண்ணாதே என்று கூறவில்லை.

இதனை நடைமுறையில் கொண்டால், வேட்கை எழும் நேரத்தில் முதலில் எழுப்பவேண்டிய வினா ‘இது பசியா?’ என்பதாகும். பசி மெல்ல வளரும், எந்த உணவாலும் தணியும். வேட்கை பெரும்பாலும் சட்டென எழும், குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும். பழைய சோறும் மோரும் போதுமென்றால் அது பசி. கடற்கரைக் கடையின் சூடான பஜ்ஜியோ வறுத்த மீனோதான் வேண்டுமென்றால் அது வேட்கை. பசியாயின் உண்பதே முறை. உணவுவேளைகளைத் தவிர்ப்பது வேட்கையை வளர்க்கும்.

வேட்கையாயின் அதனோடு மல்லுக்கு நிற்பது பயனளிப்பதில்லை. ஒன்றை நினைக்காதிருக்க முயலும்போது அந்நினைவே மீள எழுகிறது என்பதை டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. போதைப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு உதவிய ஆலன் மார்லட், வேட்கையைக் கடலலைக்கு ஒப்பிட்டு, எழுந்து உயர்ந்து தானே தணியும்வரை அதன்மேல் மிதந்திருக்கும் பயிற்சியைக் கற்பித்தார். கவனாக், ஆண்ட்ரேட், மே ஆகியோர் 2005இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வேட்கையை வளர்ப்பது உணவைப் பற்றிய மனக்காட்சியே. எனவே மனத்தை வேறொரு தெளிவான காட்சியில் ஈடுபடுத்தினால் வேட்கையின் வலிமை குறைகிறது. ஆற்றுப்படைப் புலவர்கள் சொற்களால் நாவூறச் செய்ததும் இதே மனக்காட்சியின் ஆற்றலால்தான்.

சிற்பமும் ஒரு நடைமுறை உண்மையைச் சொல்கிறது. பூனையின் தவம் கடினமாவதற்குக் காரணம் எலிகள் காலடியில் இருப்பதே. நொறுக்குத்தீனி கைக்கெட்டும் இடத்திலும், உணவுப்படங்கள் கைப்பேசியிலும், உணவகங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நிறைந்துள்ள சூழலில் ஒவ்வொருவரும் அப்பூனையின் நிலையில் நிறுத்தப்பட்டுள்ளனர். அந்நிலையில் ஒருவர் தவறினால் அவரது மனவுறுதியை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. வீட்டில் எதனை வாங்கி வைப்பது, எதனைக் கண்ணில் படாது வைப்பது, எவ்வழியே நடந்து செல்வது என்பனவற்றை முன்கூட்டி முடிவுசெய்வது எலிகளைச் சற்று விலக்கி வைப்பதற்கு ஒப்பாகும். மகாபாரத வனபருவத்தில் அருச்சுனனும் தவத்தின் தொடக்கத்திலேயே உணவை முற்றாக விடவில்லை. மாதந்தோறும் இடைவெளியைப் படிப்படியாகவே கூட்டினான். அவன் இறுதியில் அடைந்த நிலை எவருக்கும் பின்பற்றத்தக்கதன்று என்றாலும், படிமுறை என்னும் கூறு கருதத்தக்கது.

இந்நூல்கள் எடைக் குறைப்புக் கையேடுகள் அல்ல என்பதையும் இங்கே சுட்டவேண்டும். அவை எழுந்த காலத்தின் பெருங்கவலை உணவின்மை. அவற்றிலிருந்து பெறத்தக்கது உணவுப்பட்டியல் அன்று, பார்வை. அடங்காப்பசியும் கட்டுக்கடங்காது உண்ணும் நிலையும் தொடர்ந்தால் மருத்துவரையும் உளவியல் வல்லுநரையும் நாடுவதே முறை. காயசண்டிகையும் தன் நோயைத் தானே தீர்த்துக்கொள்ளவில்லை.

முடிவுரை

மாமல்லபுரத் தவப்பூனையைப் பொய்யன் எனத் தீர்ப்பளிக்கும் வழக்கமான விளக்கம், சிற்பத்தில் இல்லாத செயலை அதன்மேல் ஏற்றுகிறது. அத்தீர்ப்புக்கு அடிப்படையான கதை, தன்னடக்கம் உடைய ஒருவனைப் பழிக்கத் துரியோதனன் சொன்ன கதை. திருக்குறளின் அளவுகோலில் வேட்கை குற்றமன்று, செயலே மதிப்பிடத்தக்கது. சிறுபாணாற்றுப்படை உணவைச் சுற்றி எழும் நாணத்தையும், அதனைப் போக்கும் விருந்தோம்பலையும் காட்டுகிறது. மணிமேகலை மிகைத்துறவையும் மிகைப்பசியையும் ஒரே கனியில் இணைத்து, அடங்காப்பசியைப் பரிவோடு அணுகுகிறது.

எடையைக் குறைக்க முயலும் ஒருவருக்கு இம்மரபு தரும் துணை இதுவாகும்: பசியை மதித்தல், வேட்கையை அடையாளங்காணல், அளவறிதல், தவறும்போது தன்னையும் பிறரையும் பழியாதிருத்தல். கைகளை உயர்த்தி நிற்கும் பூனையை இனிக் காண்போர், அது எலியைத் தின்னப்போகிறதா என்று மட்டும் எண்ணாமல், அது இன்னும் தின்னவில்லை என்பதையும் எண்ணிப்பார்க்க இடமுண்டு.